கூடம் நான் சொல்லவில்லை

ஜனவரி 27, திங்கள்

இந்தத் தாள்களைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். படித்தே தீர வேண்டுமென்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். உம்மாவிடம் காட்டாதீர்கள். சதக்கு மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். நான் பேசிய ஒன்றை ஏற்கெனவே ஊர் முழுக்கக் காட்டியாகிவிட்டது. அதற்குத்தான் இப்போது மாடி அறையில் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று முதல் பீரியடிலேயே தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். மேசையில் நேற்றைய செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பு கிடந்தது. தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது: ‘எட்டாத வகுப்பறை: ஒரு கடலோர ஊரின் இஸ்லாமியப் பெண்கள்’. போன வருடம் ஊருக்கு வந்து எல்லோரிடமும் பேசிவிட்டுப் போன டாக்டர் மாளவிகாவின் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். இஸ்லாமியச் சமூகங்களில் மதம், பண்பாடு, அடையாளம் பற்றிய ஆய்வாம்.

ஒரு பத்தியை டீச்சர் சத்தமாகப் படித்தார்.

‘“எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போக விடமாட்டார்கள்” என்கிறாள் பதினாறு வயது ஆயிஷா (பெயர் மாற்றப்பட்டுள்ளது). உன் அடையாளம் என்ன என்று கேட்டபோது, அவள் தன் மோவாயில் இருந்த மச்சத்தைத் தொட்டுக் காட்டினாள். தனக்கென்று ஓர் அடையாளம் இருக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.’

டீச்சர் தாளை இறக்கி என் மோவாயைப் பார்த்தார்.

“பள்ளிக்கூடம் விடமாட்டாங்கன்னா, என் முன்னால நிக்கிறது யாரு?”

“நான் அப்படிச் சொல்லல டீச்சர்.”

“மச்சம் உன்னுதுதானே?”

வகுப்புக்குத் திரும்பியபோது ஹஸீனா வருகைப் பதிவு எடுப்பது போல, “ஆயிஷா” என்று கூப்பிட்டாள். பின்பெஞ்சே சேர்ந்து, “அவளை விடமாட்டாங்க டீச்சர்” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

டாக்டர் மாளவிகா பெயரை மாற்றினாராம். மச்சத்தை மாற்றவில்லை. அடையாளம் என்று கேட்டால் வேறு எதைச் சொல்வது? பத்தாம் வகுப்புப் படிவத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதைத்தான் எழுதச் சொன்னார்கள். பேட்டியன்று நான் மச்சத்தைக் காட்டியபோது அவரும் சிரித்தார். இவ்வளவு பெரிய அர்த்தம் கண்டுபிடிக்கத்தான் சிரித்தார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அது போகட்டும். எங்கள் ஊரில் பள்ளி என்றால் தொழுகிற இடம். படிக்கிற இடம் பள்ளிக்கூடம். ஆண்கள் பள்ளிக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பேசத் தொடங்கிய குழந்தைக்குக்கூட இது குழம்பாது. நான் சொன்னது பள்ளி.

கூடம் எங்கிருந்து வந்தது?

ஜனவரி 28, செவ்வாய்

மாலையில் சாளை மீன் ஆய்ந்தேன். கையிலிருந்து வாடை போகவில்லை. தாளிலும் அடிக்கிறது.

டாக்டர் மாளவிகா வந்தது மழை நாளில். நல்ல பருத்திச் சேலை கட்டியிருந்தார், சுத்தமான தமிழ் பேசினார். கல்கத்தாவிலோ டெல்லியிலோ பேராசிரியர். சதக்கு மாமாதான் அழைத்து வந்தார். மாமா உம்மாவுக்கு மூத்தவர், ஜமாத்தின் செயலாளர். பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து நம் ஊரை ஆராய வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரே பெருமை. விருந்தாளிக்கென்று தம்மடை இனிப்பு செய்யச் சொன்னார்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேடம் உம்மாவிடம் எத்தனையோ கேட்டார். எல்லாவற்றுக்கும் உம்மா ஒரே பதில்தான் சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் இக்கிது.” உம்மா எப்போதும் அப்படித்தான். எது நடந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். பிறகு மேடம் என்னிடம் கேட்டார். ராத்தா, என் அக்கா, பேட்டியில் இல்லை. பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று காலைதான் அவர் பெரிய பள்ளிக்குள் போய் வந்திருந்தார். ஆராய்ச்சி என்பதால் ஒரு முறைக்கு ஜமாத்தில் அனுமதி கொடுத்தார்களாம். மாமாவே குடை பிடித்துக் கூட்டிப்போனாராம். உள்ளே இருக்கும் கல்தூண்களைப் பற்றி அவர் சொன்னார். ஒரு தூணில் பூ, அடுத்ததில் கொடி, ஒன்றில் மட்டும் மீன் போல ஒரு வளைவு. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுலில் தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருக்குமாம். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பள்ளி. பாங்கு சொல்கிறவருக்குச் சளி பிடித்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் தூணில் மீன் இருப்பது எனக்குத் தெரியாது. நாங்கள் தொழுவது தைக்காவில். அது பெண்களுக்கென்று இருக்கும் சின்ன இடம், அங்கே தூண் கிடையாது.

மழைக்கு ஒதுங்க வந்தது போல வந்த ஒருவர், எங்கள் பள்ளி எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அதனால்தான் அதைச் சொன்னேன். பள்ளி என்றுதான் சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்கு எங்களை யார் தடுத்தார்கள்? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கல்லூரிக்குப் போவார்கள். ராத்தாகூடத் தானாகத்தான் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பில், பதினெட்டு முடிந்த வாரத்தில் அவளுக்கு நிக்காஹ். செய்முறைத் தேர்வுக்குப் போக இருந்தவளிடம் மாமனார், இனி எதுக்குமா என்று ஒரு முறை கேட்டார். அவ்வளவுதான், வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் விலங்கியல் புத்தகத்தை இன்னும் வைத்திருப்பது, அட்டை கிழியாமல் இருப்பதால்.

ஜனவரி 29, புதன்

மாமா வந்தார். தேநீர் குடிக்கவில்லை. அது நல்ல குறி இல்லை.

“பள்ளிக்கூடம் விடமாட்டோமாமே. அப்படியா வச்சிருக்கோம் உன்னை?”

“நான் நம்ம பள்ளியைத்தான் மாமா சொன்னேன்.”

இதைச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மாமாவின் முகம் இன்னும் கெட்டுப்போயிற்று.

“பள்ளியை என்னத்துக்குச் சொன்னே?”

“அந்த மேடம் உள்ளே போய்ப் பாத்துட்டு வந்தாங்க. நமக்குத்தான் கெடையாதுன்னு…”

“அவங்க விருந்தாளி.”

“அப்ப நானு?”

உம்மா என் தோளைத் தொட்டார். மாமா உம்மாவைப் பார்த்துப் பேசினார். ஊர் கொதித்துப் போயிருக்கிறதாம். வெளியூர் ஆட்கள் போன் போட்டுக் கேட்கிறார்களாம். ஊர் ஆறுகிற வரைக்கும் நான் வீட்டில் இருக்க வேண்டுமாம்.

“எனக்கு ஏழாம் தேதி பிராக்டிக்கல் மாமா. அது எழுதலன்னா பரீட்சையே இல்லை.”

“மானத்தைவிடப் பரீட்சை பெரிசா?”

ராத்திரி ஹாங்காங்கிலிருந்து வாப்பா குரல் செய்தி அனுப்பினார். கடையில் யாரோ பேரம் பேசும் சத்தத்துக்கு நடுவில், “மாமா சொல்றதைக் கேளுமா.” அவ்வளவுதான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 30, வியாழன்

பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு விடுகிற ஊர் இது என்று நிரூபிப்பதற்காக, இன்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை.

பிப்ரவரி 1, சனி

காயப் போட்ட துணிகளுக்கு நடுவில் நின்று, ராத்தாவின் போனிலிருந்து டாக்டர் மாளவிகாவைக் கூப்பிட்டேன். அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போன அட்டையில் எண் இருந்தது. ராத்தா எதற்கு என்று கேட்டாள். ஹஸீனாவிடம் பாடம் கேட்க என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அவருக்கு என்னை நினைவிருந்தது. சந்தோஷப்பட்டார். பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டார்.

“என்னை நிறுத்திட்டாங்க மேடம். உங்க புத்தகத்தால.”

“ரொம்ப வருத்தமா இருக்கு முஃபீதா” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நான் பள்ளின்னு சொன்னேன். தூணைப் பத்திப் பேசும்போது. மறந்துட்டீங்களா?”

“பேட்டிகள் நிறைய இருந்துச்சு. பதிவைக் கேட்டு எழுதினது என் மாணவர். பள்ளிக்கூடம்னு பதிவுலயே தெளிவா இருக்குன்னு சொன்னாரே.”

“நான் சொல்லவே இல்லை.”

“இருக்கலாம். ஒருவேளை தப்பு நடந்திருக்கலாம். ஆனா பாரு, புத்தகத்தோட வாதம் அந்த ஒரு வார்த்தையில நிக்கல.”

“எங்க வீடு அந்த ஒரு வார்த்தையிலதான் மேடம் நிக்கிது.”

பதிவை அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த பதிப்பில் திருத்தலாம் என்றார். அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டேன். என் பிராக்டிக்கல் எப்போது என்று அவர் கேட்கவில்லை.

என்னைப் பற்றிப் படிக்க அவ்வளவு தூரம் வந்தார். என் மச்சத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், தம்மடை நல்ல பதமாக இருக்கிறது என்றார். என் வாயிலிருந்து வந்த மூன்று எழுத்தை மட்டும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பதிவு வந்தது. மழைச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. பிரயோசனம் இல்லை. ராத்தாவின் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

இடியாப்ப மாவு பிசைந்தேன். தலை வலிக்கிறது.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று எழுதியது பொய். இங்கேயும் பொய் எழுதினால் பிறகு உண்மையை எங்கே வைப்பது?

பதிவு தெளிவாகக் கேட்டது. மழை கேட்டது. மாளவிகா மேடம் தூணைப் பற்றிச் சொல்வது கேட்டது. பிறகு என் குரல்: “நீங்க உள்ள போய்ப் பாத்துட்டீங்க. எங்களைப் பள்ளிக்குப் போக விடமாட்டாங்க.” நான் சொன்னது சொன்னபடியே இருந்தது. துள்ளிக் குதிக்கப் போனேன்.

அதற்குப் பிறகு பின்கட்டில் ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம். பிறகு, தூரத்திலிருந்து, தண்ணீருக்கு நடுவில்:

“பள்ளிக்கூடத்துக்கும்தான்.”

ராத்தாவின் குரல். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்பது போலச் சொன்னாள். அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. உம்மாவுக்குக் கேட்டதா, தெரியவில்லை. எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு மாணவருக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு பேர் சொன்னதைச் சேர்த்து ஒருத்தி சொன்னதாக எழுதிவிட்டார்.

இந்தப் பதிவை மாமாவிடம் போட்டுக் காட்டினால் கூடத்தை நான் சொல்லவில்லை என்பது தெரிந்துவிடும். யார் சொன்னது என்பதும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். அதனால் இங்கே யாரும் யாரையும் துரத்துவதில்லை. கோபம் வந்தால் மாப்பிள்ளை வராமல் நின்றுவிடுவார். அவ்வளவுதான். எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். நோன்புக்குத் துபாயிலிருந்து மச்சான் வரப் போகிறார். அவருக்குப் பிடிக்கும் என்று ராத்தா இப்போதே மாசிக் கருவாடு இடித்து வைத்திருக்கிறாள்.

அதனால்தான் அழித்தேன்.

ராத்தா தானாக நின்றாள் என்று இத்தனை வருடமும் நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இந்தத் தாளிலும் எழுதியிருக்கிறேன். மாளவிகா மேடம்மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாமா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். நான் போன் கேமரா முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். அதை அவர் எல்லோருக்கும் அனுப்புவார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை பிராக்டிக்கலுக்குப் போகலாம். என்ன பேச வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார்: நான் அந்தப் பெண்மணியிடம் எதுவுமே பேசவில்லை. எல்லாம் அவர் கட்டிய கதை. எங்கள் ஊரில் பெண்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

“கூடத்தை மட்டும் நான் சொல்லலன்னு சொல்றேனே மாமா. அதுதான் உண்மை.”

“கூடத்தை எடுத்தா பள்ளி நிக்கும். அது இதைவிட மோசம். மொத்தமா எடு.”

“பேசினதைப் பேசலன்னு சொன்னா பொய் இல்லையா?”

“உன் நல்லதுக்குச் சொல்றேன்மா. ஒரு நிமிஷம். சொல்லிட்டுப் போய்ப் பரீட்சை எழுது. நாளைக்கு டாக்டர் ஆனா யாரு இதைக் கேக்கப் போறா?”

மாமா கெட்டவர் இல்லை. சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதனால்தான் அவரை வெறுக்கவும் முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

அடுப்படியில் ராத்தா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னால் அடக்க முடியவில்லை.

“அன்னைக்கு மேடம் வந்தப்ப, பின்கட்டுல நின்னு நீ ஏதாவது சொன்னியா?”

“நான் என்னத்தைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன்.”

“ராத்தா, மேடம் அனுப்பின பதிவைக் கேட்டேன்.”

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அதுவும் அதுல கேக்குதா?”

“கேக்குது.”

“அவ்வளவு சத்தமாவா சொன்னேன்? எனக்கே கேக்கலன்னு நெனச்சேன்.”

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயம்தான்.

“அப்ப என் பேச்சுக்கு உன்னை நிறுத்தியிருக்காங்க.”

“நாளைக்கு வீடியோவுல அவர் சொல்றதைச் சொல்லிட்டா விட்டுருவாங்க.”

“என்னையும் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. எனக்கே விருப்பம் இல்லன்னு சொல்லிடுமா, பிரச்சினை இருக்காதுன்னு. மூணு வருசமா பிரச்சினையே இல்ல, பாத்தியா.”

வாசலில் உம்மா நின்றிருந்தார். கையில் சட்டி இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. “வெங்காயம் போதும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உம்மாமீது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. இரண்டு மகள்களை இந்த அடுப்படியில் வைத்துக்கொண்டு, வெங்காயம் போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் மாமா வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டார். பின்னால் இருந்த துணிக் கொடியை அவிழ்க்கச் சொன்னார். போனைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, “தலையை நல்லா மூடு. பயப்படாமச் சொல்லு” என்றார்.

சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். உண்மை அதுதான். பரீட்சை எழுத வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் எதுவும் இல்லை. பெயரைச் சொன்னேன். பிறகு, நான் அந்தப் பெண்மணியிடம் எதுவுமே, என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் பேசினேன். பள்ளிக்கு எங்களை விடமாட்டாங்கன்னு சொன்னேன். கூடம் நான் சொல்லல.”

மாமா போனை இறக்கினார். “திரும்ப.”

திரும்பவும் அதையே சொன்னேன். 

“அப்ப கூடத்தை யாரு சொன்னா? ஜின்னு வந்து சொல்லுச்சா?”

“நான்தான் மாமா” என்று ராத்தா ஈரக் கையோடு வந்து நின்றாள். “அவ பள்ளின்னு சொன்னா. கூடத்தை நான் சேத்தேன். என்னை நிறுத்தினது உங்களுக்குத் தெரியும்ல.”

மாமா அவளைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். அது இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவசரமாக எதையோ அழுத்தி அழித்தார். எழுந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

“இஷா தொழுதுட்டு மாப்பிள்ளையோட வாப்பாவைக் கூட்டிட்டு வாறேன். அவங்களைக் கேக்க வச்சு இதைச் சொல்லுங்கோ ரெண்டு பேரும். பிறகு மாப்பிள்ளை வருவாரா, பரீட்சை நடக்குமான்னு பாப்போம்.”

அவர் போனதும் உம்மா நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார். கொடியைத் திரும்பக் கட்டினார். என் பள்ளிக்கூடச் சீருடையை எடுத்து இஸ்திரி போட்டார். ராத்தா தன் விலங்கியல் புத்தகத்தைக் கொண்டுவந்து, கரப்பான் பூச்சியின் வாயுறுப்புப் படத்தைத் திறந்து, “இதுதான் வரும், எனக்கு வர இருந்தது” என்றாள். உள்ளே எல்லாப் பக்கத்திலும் பென்சில் குறிப்பு. அட்டை கிழியாமல் இருப்பதால் வைத்திருக்கிறாளாம்.

ஒன்றை எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். பெண்கள் வருவதும் போவதும் பக்கவாட்டில் இருக்கும் முடுக்கு வழியாக. தெருக் கதவு ஆண்களுக்கு. வீட்டில் ஆண் இல்லாதபோது யாராவது தெருக் கதவைத் தட்டினால், உம்மா உள்ளேயிருந்து, ஆள் இல்லை என்று மட்டும் சொல்வார். அந்தத் தாழ்ப்பாளை உம்மா திறந்து நான் பார்த்ததே இல்லை.

பள்ளியில் தொழுகை முடிந்துவிட்டது. ஆட்கள் கலைந்து போகும் பேச்சுச் சத்தம் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறது. சீருடை ஆணியில் தொங்குகிறது. ராத்தா படியில் உட்கார்ந்திருக்கிறாள். தட்டினால் நான் போகிறேன் என்கிறாள். நான்தான் போவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தட்டுகிறார்கள். தெருக் கதவுதான்.

ராத்தா எழுந்துவிட்டாள். உம்மா அவளுக்கு முன்னால் போகிறார். தலையை மூடிக்கொண்டே சொல்கிறார்: “ரெண்டு பேரும் மேலேயே இரிங்கோ. பள்ளியும் நான் சொன்னது, கூடமும் நான் சொன்னது.”

தாழ்ப்பாள் சத்தம் கே